எடுத்து வளர்த்த பிள்ளைக்கு ஏன் ஐ.சி. இல்லை?

(கெடா தோட்டப்புறப் பெற்றோருக்காகவும் பட்டணத்துப் பெற்றோருக்காகவும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீங்கள் சுங்கைப்பட்டாணியில் இருந்தாலும் சரி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பாலிங் என்று எங்கே இருந்தாலும் சரி, பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் ஒரு குடும்பத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது உங்கள் குடும்பமாகவே கூட இருக்கலாம். இன்று அந்தக் குடும்பங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிள்ளையை எடுத்து வளர்க்க அன்பு போதும். ஆனால் அந்தப் பிள்ளை இந்த நாட்டில் மனிதனாக நடமாட அன்பு மட்டும் போதாது, பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாமல் போனால் தண்டனை நமக்கு இல்லை, பிள்ளைக்குத்தான்.

நம் பாட்டிமார்கள் செய்தது

தோட்டத்து லயங்களில் சீனப் பிள்ளைகளை எடுத்து வளர்த்த கதை உங்களுக்கே தெரியும். வறுமை, யுத்த காலத்துப் பஞ்சம், பெண் பிள்ளை வேண்டாம் என்ற எண்ணம், பிறந்த நேரம் பெற்றவருக்கு ஆகாது என்ற நம்பிக்கை, இப்படிப் பல காரணங்களால் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்தன. வாங்கி வளர்த்தது யார்? நாள் சம்பளத்துக்குப் பால் மரம் வெட்டிய நம் தாய்மார்கள்! அந்தப் பிள்ளைகள் தமிழ்ப் பெயரோடு, தமிழ்ப் பேச்சோடு வளர்ந்து, தமிழ்க் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டு, இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

"அப்போதெல்லாம் லோயரா, கோர்ட்டா? எங்கள் அத்தைக்கு நீல ஐ.சி. வந்ததே, என் மகளுக்கு ஏன் வரவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

பதில் அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய, இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை உண்டு. பெற்றவர் யார் என்று கேட்கவில்லை. 1962 அக்டோபரிலிருந்து சட்டம் மாறியது. பிறக்கும்போது பெற்றவரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை என்று காட்ட வேண்டும் என்று வந்தது. மண்ணைப் பார்த்த சட்டம் அதன்பின் பெற்றவரின் பத்திரத்தைப் பார்க்கத் தொடங்கியது. பெற்ற தாய் யார் என்றே தெரியாத பிள்ளை அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் "நிரந்தரவாசி" என்ற வாசகத்தையும் எடுத்துவிடுகிறது. சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று நம்மிடம் வரும் பிள்ளைகள்

பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, பிரசவித்த தாய் விட்டுவிட்டுப் போன பிள்ளை. இரண்டாவது, இங்கே வேலைக்கு வந்த இந்தோனேசிய, தாய்லாந்துப் பெண்கள் பெற்றுக் கொடுத்த பிள்ளை. கெடா எல்லை மாநிலம். புக்கிட் காயூ ஹீத்தாமைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கே பிறந்து இங்கே கொண்டுவரப்பட்ட பிள்ளையும் இதில் சேரும். மூன்றாவது, நம் சொந்தக்காரரின் பிள்ளை. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரர், கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. அப்படியானால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை தாயின் நாட்டைச் சேர்ந்தது. பிலிப்பைன்சில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், பிறந்த பிறகு பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்தும் பயனில்லை என்று 2021 மே மாதத்தில் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது.

இந்த மூன்று வகைப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் "புக்கான் வார்கநெகாரா", அதாவது குடிமகன் அல்ல என்று எழுதியிருக்கலாம். சிறு வயதில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. 12 வயதில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஐ.சி. எடுக்கப் போகும்போதுதான் வீடு விழிக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரர் கட்டணம் கேட்பார்கள். பரீட்சை, உபகாரச் சம்பளம், லைசென்ஸ், வங்கிக் கணக்கு, வேலை, கல்யாணப் பதிவு என்று ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பிள்ளை நிற்க வேண்டும்.

பிள்ளை விற்பனைப் பொருள் அல்ல

எல்லை தாண்டிப் பிள்ளை கொண்டுவந்து தருகிறேன், இவ்வளவு வெள்ளி கொடு என்று சொல்லும் தரகர்கள் உண்டு. குழந்தை இல்லாத தம்பதிகளின் ஏக்கம்தான் அவர்களுக்கு முதல். அவர்களிடம் போகாதீர்கள்!

இது நம் இனத்துக்குப் புதிய காயம் அல்ல. 1980களில் இலங்கையிலிருந்து ஏறக்குறைய 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். அவர்கள் வளர்ந்து தாயைத் தேடி வந்தபோது, பலருடைய பத்திரங்களில் இருந்தது பொய்ப் பெயர், பொய்த் தாய். நெதர்லாந்து அரசாங்கம் இப்படிப்பட்ட முறைகேடுகளை விசாரித்து, 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. சென்னையில் "மலேசியன் சோசியல் சர்வீசஸ்" என்ற பெயரில் ஒரு நிறுவனம் நடந்தது. நம் நாட்டின் பெயர்! சேரிகளில் திருடப்பட்ட பிள்ளைகளை வெளிநாட்டுக்குத் தத்து அனுப்பியதாக அதன் மீது வழக்கு வந்தது. 2005இல் அது வெளிப்பட்டபோது, பிள்ளையைப் பறிகொடுத்த ஏழைத் தாய்மார்கள் பல வருடங்களாகத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அழுததும் தமிழ்த் தாய்தான்.

ஆகவே ஒழுங்கான பத்திரம் என்பது அரசாங்கத்துக்காக மட்டும் அல்ல. பெற்றவள் மனம் ஒப்பிக் கொடுத்தாள் என்பதற்கும் அதுதான் சாட்சி. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து பிள்ளை எடுக்க இங்கே எளிய வழி இல்லை. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் பிள்ளையானாலும், இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு ஆணையமான "காரா"வைக் கேட்காமல் விமானம் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பிள்ளை கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவுக்குத் தெரிவியுங்கள். 2001 குழந்தைகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. கண்டெடுத்த பிள்ளையானால் போலீஸ் புகாரும் செய்யுங்கள். எங்கே, எந்த நாள், எந்த நேரம் கண்டெடுத்தீர்கள் என்று அந்தப் புகாரில் இருக்கட்டும். பிற்காலத்தில் அந்த ஒரு தாள் பிள்ளையின் வாழ்க்கையைக் காப்பாற்றும்.

2. பெற்ற தாய் தெரிந்தவரானால், அவருடைய ஐ.சி. அல்லது பாஸ்போர்ட் நகல், முகவரி, எழுத்து மூலமான சம்மதம், ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் அன்றே வாங்கி வையுங்கள். பிறகு அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

3. பிறப்பைப் பெற்ற தாயின் பெயரிலேயே பதியுங்கள். உங்கள் ஐ.சி.யைக் கொடுத்து நீங்களே பெற்றதாகப் பதிய வேண்டாம். மரபணுச் சோதனையில் அது தெரிந்துவிட்டால் பத்திரம் ரத்தாகும், உங்கள் மீது வழக்கும் வரும். முன்பே அப்படிச் செய்துவிட்டவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். முகப்புக்குப் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

4. தத்தெடுப்பதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. இரண்டும் 1952இல் வந்தவை. ஒன்று தத்தெடுப்புச் சட்டம், எண் 257. இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே போடலாம். பிள்ளை தொடர்ந்து 3 மாதமாவது உங்கள் வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். ஆணை கிடைத்தால் பிள்ளை உங்களுக்கே பிறந்ததாகச் சட்டம் ஏற்கும், சொத்துரிமையும் உண்டு. மற்றது தத்துப் பதிவுச் சட்டம், எண் 253. பதிவிலாகாவிலேயே முடிந்துவிடும், ஆனால் பிள்ளையை 2 வருடமாவது வளர்த்திருக்க வேண்டும். அதில் சொத்துரிமை வராது. முடிந்தவரை 257இல் போங்கள்.

5. தத்து ஆணை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்! பலர் ஏமாறும் இடம் இதுதான். தத்து ஆணை உங்களைப் பெற்றோராக்கும், பிள்ளையைக் குடிமகனாக்காது என்பதே பதிவிலாகாவின் நிலை. குடியுரிமைக்குத் தனியாக, அரசியலமைப்பின் 15ஏ பிரிவில், உள்துறை அமைச்சுக்கு மனு போட வேண்டும். அந்தப் பிரிவில் 21 வயதுக்குள் என்று இருந்ததை 2024 திருத்தம் 18 ஆகக் குறைக்கிறது. நீங்கள் 18 என்றே கணக்கு வையுங்கள். 12 வயது வரை காத்திருக்காமல், ஆணை கையில் வந்த மாதமே மனு போடுங்கள்.

6. மனு நிராகரிக்கப்பட்டால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். மறுபடியும் மனு போடலாம், நீதிமன்றமும் போகலாம். 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம், பிறந்தவுடன் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளை குடிமகன்தான் என்று தீர்ப்பளித்தது. கைவிடப்பட்ட பிள்ளையின் தாய் யார், எந்த நாட்டவர் என்று பிள்ளையே நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை கண்டெடுத்த பிள்ளையானால் இந்தத் தீர்ப்பை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். காசு இல்லாதவர்கள் சட்ட உதவித் துறையையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளையிடம் சொல்லுங்கள்

சட்டத்துக்கு வெளியே ஒரு விஷயம். "நீ எங்களுக்குப் பிறக்கவில்லை, ஆனால் நீ எங்கள் பிள்ளை" என்று சிறு வயதிலேயே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்து வீடு சொல்லும், பள்ளிக்கூடம் சொல்லும், அதுவும் இல்லாவிட்டால் பதிவிலாகா முகப்பில் யாரோ ஒரு கிராணி சொல்வார். 12 வயதில், ஐ.சி. எடுக்கப் போன இடத்தில், முன்பின் தெரியாதவர் வாயிலிருந்து அதைக் கேட்கும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

அக்கம்பக்கத்தவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். "எடுத்த பிள்ளைதானே" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பிள்ளையின் நிறத்தையும் கண்ணையும் பற்றிப் பேச வேண்டாம். எடுத்து வளர்ப்பவர்கள் நான்கு குடும்பம் சேர்ந்து மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடுங்கள். ஒருவர் பட்ட அலைச்சல் மற்றவருக்கு வழிகாட்டும். எந்த முகப்பில் என்ன தாள் கேட்டார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நாம் கேட்பது சலுகை அல்ல

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வீடு போனது, தோட்டத்து ஆஸ்பத்திரி போனது. அலுவலகத்தில் இருந்த பழைய பதிவுப் புத்தகங்களும் பல இடங்களில் போய்விட்டன. இன்று "ஆதாரம் கொண்டு வா" என்று அதே மக்களிடம் கேட்கிறார்கள். 2011இல் "மைடஃப்தார்" என்ற பெயரில் இந்தியர்களுக்கான பதிவு இயக்கம் நடந்தது. பத்திரம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட செயல் அது. அதற்குப் பிறகும் பிரச்சினை தீரவில்லை.

2024இல் கைவிடப்பட்ட பிள்ளைகளின் உரிமையைக் குறைக்கும் திருத்தங்களையும் அரசாங்கம் கொண்டுவரப் பார்த்தது. மக்கள் அமைப்புகள் எதிர்த்தன. அந்த வருடம் மார்ச்சில் அவற்றை மீட்டுக்கொண்டது. குரல் கொடுத்தால் கேட்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் கோரிக்கைகள் இவை. நீதிமன்றம் தத்து ஆணை கொடுத்த பிள்ளைக்குக் குடியுரிமையும் அதோடு சேர்ந்து வரட்டும். 15ஏ மனுவுக்குக் காலக்கெடு வையுங்கள், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். தோட்டப்புறங்களுக்கு நடமாடும் பதிவு முகப்பை அனுப்புங்கள், தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வையுங்கள். முடிவு வரும்வரை பிள்ளையின் படிப்பையும் வைத்தியத்தையும் நிறுத்தாதீர்கள்.

பெற்றவர் விட்டுப்போன பிள்ளையை அரசாங்கம் வளர்க்கவில்லை. பால் மரம் வெட்டியவர்களும், செம்பனைக் குலை சுமந்தவர்களும், பேக்டரியில் ஷிப்ட் பார்த்தவர்களும் வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு நீல அட்டை கொடுப்பது கருணை அல்ல, கடன்!

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மலாய் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் நாளைக்கே கிளம்புங்கள்.