வாள் முந்திற்று, வாய் பிந்திற்று!

(திருவண்ணாமலையில் ஆற்றிய உரை)



கோவலன் வெட்டுண்ட காட்சியை மேடையில் காணும்போது கண் கலங்குகிறோம். ஏன்? அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பது அவையிலுள்ள அனைவருக்கும் தெரியும். வெட்டுகிறவனுக்கு மட்டுந்தான் தெரியாது!

இளங்கோ அங்கே ஒரு நுட்பத்தை வைத்திருக்கிறார். கொல்ல வந்த காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்கின்றனர். பொற்கொல்லன் நகைக்கிறான்; கள்வரின் தந்திரங்களை அடுக்கடுக்காய் அளக்கிறான். ஐயுற்றவர் அடங்கினர்; அறிவிலி ஒருவன் வாளை வீசினான். வாள் முந்திற்று, வாய் பிந்திற்று! பின்னர் கண்ணகி சிலம்பை உடைத்தாள்; மாணிக்கப் பரல் தெறித்தது; உண்மை வெளிப்பட்டது. ஆனால் போன உயிர் திரும்பிற்றா?

பழங்கதை என்பீரோ? இதே மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூரில், 2018ஆம் ஆண்டு மே திங்களில் நடந்தது என்ன? குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தது ஒரு குடும்பம். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அன்பு காட்டியது குற்றமாயிற்று! பிள்ளை பிடிப்பவர்கள் என்று எழுந்தது கூச்சல். கைப்பேசிகளில் முன்பே பரவியிருந்த வதந்தி அதற்கு வலுவேற்றியது. கூட்டம் அடித்ததில் அறுபது வயது கடந்த மூதாட்டி மாண்டார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர்.

நாடகத்தில் முந்தைய காட்சியைக் காட்டிவிடுகிறார்கள். தெருவில் அதைக் காட்டுவார் இல்லை. ஆகவே, தெருவில் நிற்பவன் கேட்டாக வேண்டும்: பார்த்தவர் யார்? காணாமற்போன பிள்ளை எது?

கேட்பது எளிதன்று. 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில், சூனியம் செய்தார்கள் என்று பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டனர். அதனை 1953இல் ‘தி க்ரூசிபிள்’ என்ற நாடகமாக்கினார் ஆர்தர் மில்லர். கம்யூனிஸ்டு என்று முத்திரை குத்திப் பலரை வேட்டையாடிய அந்நாளைய அமெரிக்காவுக்கு அவர் காட்டிய கண்ணாடி அது! 1956இல் நாடாளுமன்றக் குழு அவரையே விசாரணைக்கு அழைத்து, பிறர் பெயர்களைச் சொல்லும்படி வற்புறுத்தியது. மறுத்தார். 1957இல் குற்றவாளி என்றது நீதிமன்றம். 1958இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு வீழ்ந்தது. எழுதியபடியே நின்றார்!

நம் திரையும் வாய்மூடிக் கிடக்கவில்லை. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’, பொய்த் திருட்டுப் பழியால் கணவனைப் பறிகொடுத்த ஏழைப் பெண்ணை நீதிமன்றப் படியேற்றிக் காட்டியது. பாராட்டினோம், கண்ணீர் சொரிந்தோம். கண்ணீர் போதுமா, தோழர்களே?

கூட்டம் கூட்டும் கலையறிந்தவர்கள் நாம். அந்தக் கூட்டம் கல்லெடுத்தால் அதை நிறுத்தும் கலையும் அறிந்திருக்க வேண்டாமா? பௌர்ணமிதோறும் முன்பின் அறியாத முகங்கள் இலட்சக்கணக்கில் வந்துபோகும் ஊர் இது. இங்கே எல்லாரும் யாரோ ஒருவருக்கு அந்நியரே! நாளை உங்கள் தெருவில் ஒரு கூச்சல் எழுந்தால், காவலர் வரும்வரை அந்த அந்நியர்முன் கைகோத்து நில்லுங்கள். கைதட்டு கிடைக்காது, கல்லடியே கிடைக்கலாம். எனினும், கோவலனைக் கண்டு ஐயுற்ற காவலர் விழுங்கிவிட்ட சொல்லை நீங்கள் உரக்கச் சொல்லுங்கள்!