ஏரியைத் தூர்த்த நகரம் குளம் வெட்டுகிறது
(விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்னை கிண்டியிலே குதிரைப் பந்தயம் நடந்த இடம் 160 ஏக்கர். 1945-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து பண்ணி நிலத்தை எடுத்தது. எடுத்து, மழைத்தண்ணியைப் பிடிக்கக் குளம் வெட்டினார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. அங்கே தேங்குகிற அளவுக்கு வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் குறையும்.

ஆனால் வெட்டும்படி ஏன் வந்தது? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஓர் ஏரி கிடந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் போட்டார்கள். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. மழைக்குப் பட்டாவா தெரியும்? பழைய இடத்துக்கே வருது.

ஏரி வேலையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மண்ணில் விழுந்த மழை ஊறும், சிமெண்டில் விழுந்தது அப்படியே ஓடும். அந்த ஓட்டத்தைப் பிடித்து மெல்ல விடத்தான் நகரத்துக் குளம். நம்ம ஏரி நிறைந்தால் நமக்குச் சந்தோஷம். அவர்கள் குளமோ மழைக்கு முன்னே காலியாக இருந்தால்தான் உதவும். எதுவானாலும் வரத்துக்கால் இல்லாவிட்டால் வெறும் பள்ளம், கலங்கல் இல்லாவிட்டால் கரை உடையும்.

இப்போ பரந்தூரைப் பாருங்கள். 2022-ல் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். 13 கிராமம், 5,700 ஏக்கருக்கு மேலே. அதில் ஏறக்குறைய கால் பாகம் நீர்நிலை! ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணி கொண்டு போகிற கம்பன் கால்வாய் அந்த வழியாகத்தான் போகிறது. அந்த ஏரி உபரி செம்பரம்பாக்கம் போய்ச் சேரும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து அடையாற்றங்கரை மூழ்கியதை மறந்துவிட்டார்களா? மேலே இருக்கிற ஏரியைத் தூர்த்தால் அந்தத் தண்ணியும் கீழேதானே வரும்! ஏகனாபுரத்து மக்கள் கிராம சபை கூடும்போதெல்லாம் தீர்மானம் போட்டது இதற்கும் சேர்த்துத்தான்.

பதிலுக்கு வேறு இடத்தில் குளம் வெட்டித் தருகிறோம் என்று யார் வந்து சொன்னாலும் ஒன்று கேளுங்கள்: சரிவு எந்தப் பக்கம்? முன்னோர்கள் தண்ணி வருகிற இடம் பார்த்துக் கரை போட்டார்கள், காலியிடம் பார்த்து அல்ல.

நம்ம ஊர் ஏரிக்கும் நாளைக்கு இதே கதி வரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஏரி, வரத்துக்கால், கலங்கல் ஓடை எல்லாவற்றின் சர்வே எண்ணையும் எழுதி, அளந்து கல் நடச் சொல்லி அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். நகலை வாங்கிச் சங்கத்தில் கொடுங்கள்.