வெற்றிலைப் பணமும் வட்டிப் பணமும்

தருமபுரி மாவட்டம் பொம்மிடிப் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வெற்றிலை விற்று வந்த பணத்துக்கு வருமான வரி கிடையாது. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போடுவதில்லை. மரவள்ளிக்கும் அப்படித்தான், கரும்புக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டுபோய் வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டுவிட்டால், அதில் வருகிற வட்டி விவசாய வருமானம் ஆகாது. கொடிக்காலில் விளைந்த காசுதானே என்று அந்த வட்டியைக் கணக்கில் காட்டாமல் விட முடியாது. இது பலருக்கு வங்கியில் வரி பிடித்த பிறகுதான் தெரியவருகிறது.

உடனே அடுத்த கேள்வி வரும்: "வட்டிக்கு வரியே இல்லாத கணக்கு எது?"

அதற்குப் பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்பேன். உங்களுக்கு வரி வருகிறதா? 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டிலிருந்து, புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருப்பவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஷேர், நிலம் விற்ற லாபம் போன்றவை இதில் சேராது, அது தனிக் கணக்கு. மாதச் சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்தால் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை கவலை இல்லை. பி.மல்லாபுரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வருகிறவர், பென்ஷன் வாங்கும் பெரியவர் என்று நம்மில் பெரும்பாலோர் இதற்குள்ளேயே அடங்கிவிடுவோம். அவர்களுக்கு எந்த வட்டியும் வரியில்லா வட்டிதான். வரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை 15 வருஷம் கட்டிப்போட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

வரி கட்டுகிறவர்கள் கதை வேறு. கணவனும் மனைவியும் ஆசிரியர்களாக இருக்கலாம்; ரயில்வேயில் மேல்நிலை வேலையில் இருக்கலாம்; வியாபாரம் பெரிதாக நடக்கலாம். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, 7.1 சதவீத வரியில்லா வட்டி என்பது வரி உள்ள டெபாசிட்டில் ஏறக்குறைய 9 சதவீதம் வாங்குவதற்குச் சமம். 30 சதவீத வரம்பு என்றால் 10 சதவீதத்தையும் தாண்டும். அப்படிப்பட்ட டெபாசிட்டை எந்த நல்ல வங்கியும் தராது. தருவதாக யாராவது வீடு தேடி வந்து சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அந்த 7.1 சதவீதம் தருவது பி.பி.எஃப் என்று சொல்கிற பொது வருங்கால வைப்பு நிதி. 1968இல் வந்தது. தொடக்கத்தில் 4.8 சதவீத வட்டி. 1986 முதல் 2000 தொடக்கம் வரை 12 சதவீதம் கொடுத்த பொற்காலமும் அதற்கு இருந்தது. பிறகு இறங்கி இறங்கி, 2020 ஏப்ரலிலிருந்து 7.1இல் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு இதை மாற்றி அறிவிக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகம் போனால் ஒன்றரை லட்சம் போடலாம். வட்டிக்கும் வரி இல்லை, முதிர்வுத் தொகைக்கும் இல்லை. பழைய வரி முறையில் இருப்பவருக்குப் போட்ட பணத்துக்கும் 80சி சலுகை உண்டு. புதிய முறையில் அது இல்லை, ஆனால் வட்டி மட்டும் வரியில்லாமலே நிற்கும்.

பி.பி.எஃப் முதிர 15 வருஷம் என்றதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். கொஞ்சம் உட்காருங்கள். மூன்றாவது நிதியாண்டிலிருந்து ஆறாவது வரை இதன் மேல் கடன் வாங்கலாம். ஏழாவது ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். கடன்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. தொழிலில் ஏற்ற இறக்கம் பார்க்கிறவர்களுக்கு இது வரிச் சலுகையைவிடப் பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

ஒரு தேதியை மட்டும் மறக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவதிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருக்கும் மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. ஏப்ரல் 5க்குள் ஒன்றரை லட்சம் கட்டியவருக்கு அந்த ஆண்டு முழுக்க வட்டி. 6ஆம் தேதி கட்டியவருக்கு ஒரு மாத வட்டி, அதாவது கிட்டத்தட்ட 890 ரூபாய் போச்சு. மார்ச் கடைசியில் ஓடி வந்து கட்டுகிறவர்கள் அந்தத் தொகைக்கான அந்த வருஷ வட்டியை முழுவதுமே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது செல்வமகள் சேமிப்புத் திட்டம். இதை நான் வரிக் கணக்கோடு மட்டும் நிறுத்திப் பேச மாட்டேன், நம் மாவட்டத்துக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 2001இல் அதை விரிவாக்கியபோது மதுரை, தேனி, திண்டுக்கல்லோடு தருமபுரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. பெண் பிறந்தால் செலவு என்று எண்ணிய காலம் அது. இப்போது அதே மாவட்டத்து அஞ்சலகத்தில் பெண் குழந்தையின் பெயர் அச்சிட்ட பாஸ்புக் வாங்க முடிகிறது.

மத்திய அரசு 2015 ஜனவரி 22இல் தொடங்கிய திட்டம் இது. 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்குப் பெற்றோர் திறக்கலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு. இரட்டைக் குழந்தை என்றால் விதிவிலக்கு உண்டு. 250 ரூபாயில் தொடங்கலாம், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். 15 ஆண்டு கட்டினால் போதும், 21 ஆண்டு முடிந்து பணம் வரும். வட்டி 8.2 சதவீதம், முழுவதும் வரி இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் கட்டினால் போட்டது 1 லட்சத்து 80 ஆயிரம். இதே வட்டி நீடித்தால் கையில் வருவது சுமார் ஐந்தரை லட்சம். பெண்ணுக்கு 18 வயதானாலோ, பத்தாம் வகுப்பு முடித்தாலோ, மேல்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். வரி கட்டாத குடும்பத்துக்கும் நான் இதைச் சொல்வேன், ஏனென்றால் வட்டியே அதிகம்.

தாத்தா பாட்டிகளுக்கு ஒரு தகவல். பேத்திக்கு ஆசையாக நீங்கள் உங்கள் பொறுப்பில் கணக்குத் திறந்திருந்தால், 2024 அக்டோபரிலிருந்து அதைப் பெற்றோர் பெயருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பணம் தாராளமாக நீங்களே கொடுங்கள். காப்பாளராக அப்பாவோ அம்மாவோ இருக்கட்டும்.

போஸ்ட் ஆபீசில் போட்டால் எல்லாமே வரி இல்லை என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. அது சரியில்லை. ஆர்.டி., மாத வருமானத் திட்டம், கிசான் விகாஸ் பத்திரம், மூத்த குடிமக்கள் திட்டம் இவற்றின் வட்டியெல்லாம் வருமானத்தில் சேரும். சாதாரண அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் மட்டும் ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை, இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு என்றால் 7,000 ரூபாய் வரை, வட்டிக்கு வரி கிடையாது. 4 சதவீத வட்டியில் 87,500 ரூபாய் கிடந்தால் அந்த 3,500 வரும். புதிய வரி முறையில், நினைத்தபோது பணத்தை எடுக்கவும் முடிகிற வரியில்லா வட்டி நம் நாட்டில் இவ்வளவுதான். லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம் தமிழர்களிடம் கேட்டுப் பாருங்கள்: பிரிட்டனில் 1999 முதலும் கனடாவில் 2009 முதலும், வரி இல்லாமலும் பூட்டு இல்லாமலும் சேமிக்க ஒரு கணக்கு இருக்கிறது. நம் அரசு வரியை விட்டுக்கொடுத்தால் பதிலுக்கு வருஷங்களைக் கேட்கிறது.

கணக்குத் திறப்பது பெரிய காரியமில்லை. பொம்மிடி அஞ்சலகம் வரைகூட வர வேண்டியதில்லை, சுற்றியுள்ள கிராமங்களின் கிளை அஞ்சலகங்களிலேயே பி.பி.எஃப், செல்வமகள் இரண்டு கணக்கும் திறக்கலாம். ஆதார், பான் கார்டு, புகைப்படம், முதல் தொகை. செல்வமகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். பான் கார்டு இல்லையென்றால் தொடங்கும்போது சமாளிக்கலாம், கணக்கில் 50,000 ரூபாய் தாண்டியதும் இரண்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பி.பி.எஃப் ஒருவருக்கு ஒன்றுதான். வங்கியில் ஒன்று, அஞ்சலகத்தில் ஒன்று என்று வைத்தால் சிக்கல். கணவன் மனைவி சேர்ந்து கூட்டாகவும் முடியாது, தனித்தனியாகத் திறக்கலாம்.

படிவத்தில் நாமினி என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதைக் காலியாக விட்டுவிட்டு, பிறகு வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலைகிற குடும்பங்கள் நிறைய. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள், இப்போது மனைவி பெயரைச் சேர்க்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். முன்பு பெயர் மாற்ற 50 ரூபாய் வாங்கினார்கள், 2025 ஏப்ரலிலிருந்து அதுவும் இல்லை.