பிள்ளையின் அட்டையில் ஒரு முத்திரை



பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளை உள்ள வீடென்றால் எங்கேயோ ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் போக்கிமோன் அட்டைகள் இருக்கும். அந்தப் பெட்டியில் ஒன்றிரண்டு அட்டைகளின் ஓரத்தில் மட்டும் சிறிய முத்திரை ஒன்று பதிந்திருக்கும். இன்று நான் பேசப் போவது அவற்றைப் பற்றித்தான். வீடு துப்புரவாக்கும் நாளில் முழுப் பெட்டியும் குப்பைத் தொட்டிக்குப் போன கதைகளைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தத் தலைப்பு.

இந்த விளையாட்டு 1996 இல் ஜப்பானில் தொடங்கி, 1999 இல் ஆங்கிலத்தில் வந்தது. கடையில் வாங்கும் பக்கற்றுக்குள் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த அளவில் இதை அதிர்ஷ்டச் சீட்டு என்று திட்டும் அப்பாமாரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் போட்டி வேறு விதமானது. ஒவ்வொருவரும் 60 அட்டைகளைத் தாங்களே தெரிவு செய்து கட்டிக்கொண்டு வர வேண்டும். எதிரே இருப்பவர் அடுத்து என்ன போடுவார் என்று கணக்குப் போட வேண்டும். சதுரங்கப் போட்டிகளில் போல, ஒரு சுற்றில் தோற்றவர் வீட்டுக்குப் போவதில்லை; தன்னளவு வெற்றி பெற்ற இன்னொருவரோடு அடுத்த சுற்றில் ஆடுவார். நடுவர்கள் உண்டு, வயதுப் பிரிவுகள் உண்டு. ஓஷியானியாவுக்கான சர்வதேசப் போட்டி 2017 இல் மெல்பேர்ணிலும் 2018 இல் எங்கள் சிட்னியிலும் நடந்தது.

இத்தகைய போட்டிகளில் கொடுக்கும் அட்டைகளில்தான் அந்த முத்திரை இருக்கும். பெரும்பாலும் படம் கடையில் கிடைக்கும் அதே படம்தான், ஆட்டத்தில் அதன் பலமும் அதேதான். கூடுதலாக இருப்பது போட்டியின் பெயர் அல்லது சின்னம். புதிய தொகுதி கடைக்கு வருமுன் நடக்கும் முன்னோட்டப் போட்டிக்குப் போனவர்களுக்கு ஒரு வகை. நடுவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 'ஸ்டாஃப்' என்று பதித்த இன்னொரு வகை. சம்பளமில்லாமல் ஒலிவாங்கியின் முன் இருக்கும் எனக்கு இந்த வகையில் ஒரு தனி மரியாதை! 2022 முதல் உள்ளூர்க் கடைகளில் நடக்கும் போட்டிகளுக்கெனப் பரிசுப் பக்கற்றுகள் வருகின்றன. அவற்றின் அட்டைகளிலும் போட்டி அமைப்பின் சின்னம் பதிந்திருக்கும்.

இது எங்களுக்குப் புதிதா? பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் கிடைத்த புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அதே புத்தகம் பூபாலசிங்கம் புத்தகசாலையில் காசுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் முதற் பக்கத்தில் பாடசாலையின் இறப்பர் முத்திரையும், அதிபரின் கையொப்பமும், 'கணிதம் - முதலாம் இடம்' என்ற எழுத்தும் இருந்தன அல்லவா? 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோது காணி உறுதியை எடுத்தோம், பிறப்புச் சான்றிதழை எடுத்தோம். பரிசுப் புத்தகத்தை யார் எடுத்தார்கள்? என்னுடையவை மூன்றும் அலுமாரியிலேயே நின்றுவிட்டன.

ஜப்பானில் 1998 இல் பெற்றோரும் பிள்ளையும் ஒரே அணியாக ஆடும் போட்டி ஒன்று நடந்தது. பரிசாகக் கிடைத்தது கங்கஸ்கான் என்ற பிராணியின் அட்டை. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வைத்திருக்கும் தாய் அது. அந்தப் போட்டிக்குரிய சின்னமும் அட்டையில் அச்சாகியிருந்தது. கடையில் அது விற்பனைக்கு வரவேயில்லை. மிக நல்ல நிலையில் இருந்த ஒன்று 2020 இல் 150,000 அமெரிக்க டொலருக்கு மேல் விலைபோனது. எல்லோரும் விலையைத்தான் பேசுகிறார்கள். நான் யோசிப்பது, அந்த அட்டையை வெல்ல அம்மாவோ அப்பாவோ எத்தனை பின்னேரம் பிள்ளையோடு நிலத்தில் இருந்து விதிகளைப் படித்திருப்பார்கள் என்பதை.

இப்படியான விலைச் செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு வில்லாவுட்டில் ஒரு அம்மா மகனுடைய முத்திரை அட்டையோடு என்னிடம் வந்தார். கணவர் அதே வில்லாவுட்டின் தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்தவர். குடும்பம் இன்னும் தற்காலிக விசாவில்.

"அண்ணை, இது எவ்வளவு போகும்? காரின்ர பதிவுக் காசுக்குக் காணுமோ?"

இணையத்தில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலைகளை எடுத்துப் பார்த்தேன். ஏழு எட்டு டொலர்தான்.

"அப்ப ஏன் இவன் இதை மட்டும் தனி உறைக்குள்ள வைச்சிருக்கிறான்?"

கூட வந்த பெடியன் வாசலைப் பார்த்தபடி சொன்னான்: "அது வாங்கினதில்லை அம்மா. அஞ்சு சுற்றில நாலு வெண்டனான்."

சனிக்கிழமைகளில் அவன் கடையில் சும்மா நேரம் போக்குகிறான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். யாரோடு ஆடினாய், தோற்ற ஆட்டம் எது என்று அங்கேயே கேட்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அடுத்த ஆள் காத்திருந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, விற்கத்தான் வேண்டும் என்றால் சில விடயங்கள். சாதாரண அட்டையில் பொய் முத்திரை பதித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குமுன் எழுத்தின் அளவையும் இடத்தையும் உண்மையான ஒன்றின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முத்திரை உரசுப்பட்டால் விலை விழும்; பிளாஸ்ரிக் உறை ஒன்று போதும்.

வரியைச் சொல்லாமல் போனால் நான் கணக்காளன் இல்லை. சொந்த மகிழ்ச்சிக்காக வைத்திருக்கும் அட்டை பொதுவாகச் சொந்தப் பாவனைப் பொருளாகவே கொள்ளப்படும். 10,000 டொலர் அல்லது அதற்குக் குறைவாக வாங்கியதென்றால், விற்ற இலாபத்துக்கு மூலதன இலாப வரி இல்லை. இலாபம் நோக்கி வாங்கி வாங்கி விற்றால் கதை வேறு. அது வியாபாரம், வருமானமாகக் காட்ட வேண்டும். மகனுடைய பெயரில் அப்பா வியாபாரம் செய்தாலும் கேள்வி அப்பாவிடம்தான் வரும். பெரிய தொகை என்றால் விற்குமுன் உங்கள் கணக்காளரிடம் ஒரு சொல் கேளுங்கள்.