முளையும் விளைச்சலும்

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது பழமொழி. 35 ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவன் நான். அவற்றுள் கடைசி 11 ஆண்டுகள் தலைமையாசிரியன். இந்தப் பழமொழியைப் பெற்றோர் கூட்டங்களில் எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கு இல்லை. இன்று அதன்மேல் எனக்கு உண்டாகியிருக்கும் ஓர் ஐயத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்த ஐயத்தை உண்டாக்கியது கல்வி நூல் அன்று, விளையாட்டு.

அம்பத்தூரில் எங்கள் இல்லத்தில், ஜூன் மாதத்தில் ஒரு நாள் மட்டும் என் பேரன் எனக்கு முன்னால் விழித்துக்கொள்வான். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகங்கள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும் நாள் அது. அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. கழகங்கள் 30, சுற்றுகள் இரண்டு, இளைஞர்கள் ஏறத்தாழ 60 பேர். அவர்களை ஏலம் விடுவதில்லை. ஒவ்வொரு கழகமும் தன் முறை வரும்போது ஒருவர் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்கிறது. சென்ற ஆண்டு தோற்றுத் தேய்ந்த கழகங்களுக்கு முதல் இடங்கள் கிடைக்குமாறு, குலுக்கலோடு கூடிய ஓர் ஏற்பாடும் உண்டு. வலியவனே மேலும் வலியவன் ஆகிவிடாமல் தடுக்க வகுத்த ஏற்பாடு அது. இம்முறைக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். மறுநாள் காலையிலேயே பத்திரிகைகள் மதிப்பெண் போட்டுவிடுகின்றன. இவ்வாண்டு வந்தது பொன், சென்ற ஆண்டு வந்தது பதர் என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றன. அந்த இளைஞருள் ஒருவரேனும் அக்கழகங்களுக்காக ஒரு போட்டியிலும் ஆடியிருக்கமாட்டார்!

“தாத்தா, இந்த வருஷம் வந்திருப்பது நல்ல செட்டா?” என்று பேரன் கேட்டான். பள்ளி திறக்கும் ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. ஆகவே, சற்று ஆராய்ந்து விடை சொல்ல எண்ணினேன்.

ஆராய்வதற்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே ஒரு முறை அத்தகைய தேர்வு நடந்தது. 2008-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் கோலாலம்பூரில், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர்க்கான உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் இந்திய இளைஞர்கள் தென்னாப்பிரிக்காவை 12 ஓட்டங்களில் வென்றார்கள். அதே ஆண்டில்தான் ஐ.பி.எல். போட்டிகள் தொடங்கின. பெரிய ஆட்டக்காரர்கள் பிப்ரவரி மாதம் ஏலத்தில் விலைபோனார்கள். ஆனால் இந்த இளைஞர்களை ஏலத்தில் விடவில்லை. மார்ச் மாதத்தில் எட்டு அணிகளும் டிராஃப்ட் முறையில் அவர்களைப் பகிர்ந்துகொண்டன.

முதல் வாய்ப்பு டெல்லி அணிக்குக் கிடைத்தது. இளைஞர் அணியின் தலைவர் விராட் கோலி டெல்லியைச் சேர்ந்தவர். அவரை அந்த அணி எடுத்துக்கொள்ளும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் டெல்லி எடுத்தது பிரதீப் சங்வான் என்னும் இடக்கை வேகப் பந்துவீச்சாளரை. பெங்களூர் கோலியை எடுத்துக்கொண்டது. ராஜஸ்தான் ரவீந்திர ஜடேஜாவையும், மும்பை மணீஷ் பாண்டேயையும் பெற்றன. உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகனான அஜிதேஷ் அர்கலும், அத்தொடரில் யாவரினும் மிகுதியாக 262 ஓட்டங்கள் எடுத்த தன்மய் ஸ்ரீவாஸ்தவாவும் பஞ்சாப் அணிக்குச் சென்றார்கள்.

முதல் ஆண்டு முடிந்தது. ஆசிரியர் மொழியில் சொன்னால், முதல் பருவத் தேர்வு முடிந்தது. கோலி 13 போட்டிகளில் எடுத்தவை 165 ஓட்டங்கள். சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான பரிசு, அதே பெங்களூர் அணியில் ஆடிய ஸ்ரீவத்ஸ் கோஸ்வாமிக்குக் கிடைத்தது. அன்று அந்தச் செட்டுக்கு மதிப்பெண் போட்டவர் கோலியின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருப்பார்? “சுமார்” என்றுதான் எழுதியிருப்பார். அதில் பிழை காணவும் முடியாது. கண்முன் இருந்த விடைத்தாள் அப்படி.

பின்னர் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். கோலி 123 டெஸ்டுகளில் ஆடி 9,230 ஓட்டங்கள் குவித்து 2025-இல் அவ்வகை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். தம்மை எடுத்த பெங்களூரை விட்டு அகலாமல் பதினெட்டாம் ஆண்டில் அதற்குக் கோப்பையையும் பெற்றுத் தந்தார். ஜடேஜா டெஸ்டில் 300 விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார்; 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் சென்னைக்கு வெற்றி தேடித் தந்தார். மணீஷ் பாண்டே, சௌரப் திவாரி, சித்தார்த் கௌல் ஆகியோரும் இந்தியாவுக்காக ஆடினார்கள். பதினைந்து பேர் கொண்ட அணியில் ஐவர் நாட்டின் அணியை எட்டினர். அர்கலும் ஸ்ரீவாஸ்தவாவும் நாட்டின் அணியை எட்டவில்லை. எனினும் ஆட்டத்தை விட்டு விலகாமல் நடுவர் தேர்வில் தேறினார்கள். 2025-இல் ஐ.பி.எல். போட்டிகளில் ஸ்ரீவாஸ்தவா நடுவராக நின்றார். இவர்களையும் சேர்த்துத்தான் அந்தச் செட்டின் தரத்தைக் கணிக்க வேண்டும். வகுப்பின் தரத்தை முதல் மாணவனைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. நடுவரிசையும் கடைசி வரிசையும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்க்க வேண்டும்.

டெல்லி அறியாமையால் தவறியது என்று சிரிப்பது எளிது. அது நேர்மை ஆகாது. அவ்வணியில் சேவாக், கம்பீர் முதலிய மட்டையாளர்கள் முன்னமே இருந்தார்கள். அதற்கு வேண்டியிருந்தவர் பந்துவீச்சாளர். சங்வானும் அந்தப் பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை வென்ற டெல்லி அணியில் ஆடியவர். இதே கதை அமெரிக்கக் கூடைப்பந்தில் 1984-ஆம் ஆண்டிலேயே நடந்திருக்கிறது. இரண்டாம் வாய்ப்பைப் பெற்ற போர்ட்லாந்து கழகத்தில், மைக்கேல் ஜோர்டன் ஆடும் இடத்தில் ஆடுவதற்குக் கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். ஆகவே அது உயரமான சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாகச் சிகாகோவுக்குப் போன ஜோர்டன் உலகப் புகழ் பெற்றார். போவியோ கால் முறிவுகளால் வாடினார். ஆக, தேர்வு வரிசை என்பது தேர்ந்தெடுக்கப்பட்டவரின் தரத்தை மட்டும் காட்டுவதன்று. தேர்ந்தெடுத்தவரின் தேவையையும் காட்டுகிறது. வரிசையைத் தரப்பட்டியலாக எண்ணுவது முதற்பிழை.

அளவுகோலைப் பற்றியும் ஒரு சொல். ஓர் அளவுகோல், எதை அளக்க வந்ததோ அதையே அளக்கிறதா என்று பார்க்க வேண்டும் என ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அமெரிக்காவில் டிராஃப்டுக்கு முன்னர் இளைஞர்களின் உயரம், கைநீளம், தாவும் உயரம் அனைத்தையும் அளந்து குறிக்கிறார்கள்; முன்பு பளு தூக்கும் வலிமையையும் அளந்தார்கள். 2007-இல் கெவின் டுரான்ட் என்னும் இளைஞரால் 185 பவுண்டுப் பளுவை ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை. எனினும் அவர் இரண்டாவதாகத் தேர்வாகி, அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய புள்ளி சேர்ப்பவர்களுள் ஒருவரானார். அவருக்கு முன்னால் முதலாவதாக எடுக்கப்பட்ட கிரெக் ஓடன், முழங்கால் காயங்களால் மொத்தம் 105 போட்டிகளே ஆட முடிந்தது. 2014-இல் 41-ஆவதாக எடுக்கப்பட்ட செர்பிய நாட்டு நிக்கோலா யோக்கிச், பின்னர் மூன்று முறை ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பட்டம் பெற்றார். கையை அளக்கக் கோல் உண்டு. அந்தக் கை எந்த நொடியில் பந்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அறியும் அறிவை அளக்கக் கோல் ஏது?

நம் நாட்டவர் ஒருவரும் அந்த வரிசையில் இடம் பெற்றார். பஞ்சாபில் பல்லோ கே என்னும் சிற்றூரைச் சேர்ந்த, ஏழடி இரண்டங்குல உயரமுள்ள சத்னாம் சிங், 2015-இல் 52-ஆவதாக டல்லாஸ் கழகத்தால் எடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து அத்தேர்வில் இடம் பெற்ற முதல்வர் அவரே. ஆனால் அந்த உயர்ந்த போட்டியில் ஒரு முறையேனும் களம் இறங்கும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை.

‘வாய்ப்பு’ என்று சொன்னேன். நான் சொல்ல வந்த பொருளின் உயிர் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பாரி ஸ்டா, ஹா ஹோவாங் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1980 முதல் 1986 வரை டிராஃப்டில் வந்த கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றியது அது. வரிசையில் முன்னால் எடுக்கப்பட்டவர்களுக்கு ஆட்டத்தில் கூடுதல் நேரம் தரப்பட்டது. அவர்கள் நெடுங்காலம் நீடிக்கவும் செய்தார்கள். ஆட்டத்திறன், காயம், ஆடும் இடம் ஆகியவற்றின் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்த பிறகும் அப்படியே இருந்தது. அதாவது, முதல் நாள் தீர்ப்பு ஆண்டுக்கணக்கில் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொண்டது. உயர்ந்தவன் என்று எண்ணியவனுக்கு வாய்ப்பை ஊட்டினார்கள், தாழ்ந்தவன் என்று எண்ணியவனை ஓரத்தில் உட்கார வைத்தார்கள், பிறகு, “நாங்கள் அன்றே சொல்லவில்லையா?” என்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் செட்டைப் பற்றி, பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் அதில் ஒரு வரி எழுதுவது வழக்கம். 2006-ஆம் ஆண்டு நான் எழுதிய வரி இது: “சுமார். பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை.” ஒரு சிறு தேர்வையும், என் கண்ணில் பட்ட நாலைந்து முகங்களையும் வைத்து எழுதியது. எழுதியதோடு நிற்கவில்லை. கணக்கு ஆசிரியர் ஒருவர் நீண்ட விடுப்பில் போனபோது, இருந்த நல்ல ஆசிரியரை “தேறக்கூடிய” வகுப்புக்கு அனுப்பினேன். இந்தச் செட்டு பாதி ஆண்டு கணக்கு ஆசிரியர் இல்லாமல் இருந்தது. மாலை நேரத் தனி வகுப்பும் இவர்களுக்கு இல்லை. 2008 மார்ச்சில், கோலியையும் ஜடேஜாவையும் அணிகள் பகிர்ந்துகொண்ட அதே மாதத்தில், இவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார்கள். ஒன்பது பேர் கணக்கில் தவறினர். “நான் அன்றே கணித்தேன்” என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆவடி இரயில் நிலையத்தில் அந்தச் செட்டைச் சேர்ந்த ஒருவன் என்னை அடையாளம் கண்டு வணங்கினான். தொழிற்பேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னான். மில்லிமீட்டரில் சிறு பங்குகூடப் பிசகாமல் கடைந்து கொடுக்கும் தொழில். “கணக்கில் போயிற்று சார், இரண்டாவது தடவை எழுதித்தான் பாஸ் செய்தேன். எங்களுக்குத்தான் அந்த வருஷம் கணக்கு சாரே இல்லையே!” என்றான். அவன் குறை கூறவில்லை. பழைய கதையாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மற்றவர்களைப் பற்றியும் விசாரித்தேன். அந்த ஒன்பது பேரில் இருவர் மறுபடி தேர்வு எழுதவே இல்லை. அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை எந்த ஆராய்ச்சியாலும் இனிக் கண்டுபிடிக்க முடியாது. நான் கணிக்கவில்லை, நேயர்களே, விதித்துவிட்டேன்.

அப்படியானால் கணிக்கவே கூடாதா? அவ்வாறு சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். கழகம் யாரையேனும் எடுத்துத்தான் தீரவேண்டும்; ஆசிரியன் மாணவனை அறிந்துதான் தீரவேண்டும். நம் பள்ளிகளில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என இரண்டு வகை பிற்காலத்தில் வழங்கலாயின. முதலாவது, கற்கும்போதே பார்த்துத் திருத்துவதற்கு. இரண்டாவது, கற்று முடிந்தபின் தொகுத்துச் சொல்வதற்கு. டிராஃப்ட் நாளன்று சொல்லும் சொல் முதல் வகையைச் சேர்ந்தது. அதை இரண்டாம் வகையாகக் கொள்வதே குற்றம். ஒரு செட்டின் தரத்தைத் தொகுத்துச் சொல்ல ஐந்து ஆண்டேனும் கழிய வேண்டும். அப்போதும், யார் எவ்வளவு ஆடினார் என்று கேட்பதோடு, யாருக்கு எவ்வளவு ஆடக் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். 165 ஓட்டங்கள் எடுத்த இளைஞரைப் பெங்களூர் கைவிடவில்லை. மறு ஆண்டும் களத்தில் இறக்கியது. அந்தப் பொறுமையும் அந்தச் செட்டின் தரத்தில் சேர்ந்ததுதான்.

என் தந்தையார் பூந்தமல்லியை அடுத்து, செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் பயிர் செய்தவர். நாற்றங்காலில் நின்று நல்ல நாற்று எது என்று அவர் பார்ப்பார், பார்க்காமல் இருந்ததில்லை. ஆனால் மெலிந்த நாற்று நட்ட பாத்திக்கு மடையை அவர் அடைத்ததைக் கண்டதில்லை. “அதுக்குத்தான்டா தண்ணி இன்னும் வேணும்” என்பார். பழமொழியை நான் கூட்டந்தோறும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பொருளை அவர் வயலில் செய்து காட்டினார். முளையைப் பார்ப்பது தீர்ப்புச் சொல்வதற்கன்று. எந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று அறிவதற்கு.

பேரனின் கேள்விக்கு நான் சொன்ன விடை இதுதான்: “உன் மதிப்பெண்ணை இன்றைக்கே எழுதி வை. ஆனால் பென்சிலால் எழுது. ஐந்து வருஷம் கழித்து நாம் இருவரும் எடுத்துப் பார்ப்போம்.” அவன் எழுதி வைத்திருக்கிறான். எடுத்துப் பார்க்க நான் இருப்பேனோ, அறியேன். இந்த ஜூன் மாதத்தில் புதிய செட்டை எதிர்கொள்ளப் போகும் இளம் ஆசிரியர்கள் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது அதுவே. குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், பென்சிலால் எழுதுங்கள், மடையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.