பணத்துக்கும் கொஞ்சம் உராய்வு வேண்டும்

(கொச்சி பிராட்வேயில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் நம் பண விவகாரங்களும்" என்ற தலைப்பில் அரை மணி பேசும்படி காரியதரிசி பணித்திருக்கிறார். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வங்கி வேலையைப் போனிலேயே முடித்துக்கொள்கிறீர்கள். மீதிப் பேர் போனைப் பிள்ளையிடமோ பேத்தியிடமோ நீட்டி, "நீயே பண்ணிடு" என்கிறீர்கள். இரண்டு கூட்டத்தாருக்கும் பொதுவாக ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த அரங்கை விட்டு வெளியே போனால் பிராட்வே. துணிக்கடை, குடைக்கடை, பாத்திரக்கடை, ஏலம் கிராம்பு விற்கும் கடை என்று வரிசையாக இருக்கின்றன. எங்கே பார்த்தாலும் மேஜைமேல் ஒரு க்யூஆர் அட்டை, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. நீங்கள் பணம் அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பி, "போயாச்சு, பாருங்கோ" என்று காட்டுகிறீர்கள். அனுபவமுள்ள கடைக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. தன் பெட்டி, "இத்தனை ரூபாய் வந்தது" என்று பேசும் வரை பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பணம் அனுப்பாமலே அனுப்பியதாகக் காட்டும் போலிச் செயலிகள் இருப்பது அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே அவருக்கு வேண்டாம். எதிராளி காட்டும் திரையை நம்பாமல், தன் பக்கத்திலிருந்து சரிபார்க்கிறார். அவ்வளவுதான்.

இந்தப் புத்தி கொச்சி வியாபாரிகளுக்குப் புதிதல்ல. காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரி. அங்கே யூதர் தெருவில் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தக சங்கம் இருக்கிறது. 1957-ல் மிளகுக்கான முன்பேர வர்த்தகத்தை அங்கே தொடங்கினார்கள். தரகர்கள் ஒரே கூடத்தில் கூடி நின்று, உரக்கக் கூவி விலை சொல்வார்கள். இன்ன மாதத்துக்கு இன்ன விலை என்று ஒருவர் கூவ, மற்றவர் ஒப்புக்கொள்ள, பேரம் முடியும். 1997-ல் சர்வதேச மிளகு ஒப்பந்தமும் அங்கே வந்தது. பிற்பாடு கூவல் ஓய்ந்து, கம்ப்யூட்டர் திரை வந்தது. 2003 வாக்கில் தேசிய அளவில் ஆன்லைன் எக்ஸ்சேஞ்சுகள் தோன்றவே, மட்டாஞ்சேரிக் கூடத்தில் நடந்த பேரம் மும்பையிலோ டில்லியிலோ உட்கார்ந்து பட்டனைத் தட்டும் காரியமாயிற்று. மிளகுக் கொடியைக் கண்ணால் பார்க்காதவர்களும் மிளகு வாங்கி விற்றார்கள்.

2012 டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? கொச்சியில், ஆன்லைன் எக்ஸ்சேஞ்சின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளிலிருந்த மிளகில் மினரல் ஆயில் கலந்திருப்பதாகப் புகார் வந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். திரையில் விலை, அளவு, தரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. திரை கிடங்குக்குள் போய் முகர்ந்து பார்க்காது. அதில் பணம் போட்டிருந்தவர்கள் தங்கள் சரக்குக்காக நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஏலக்காய்க்கு 2007-லிருந்து மின்னணு ஏலம் நடக்கிறது. தமிழ்நாட்டில் போடிநாயக்கனூரிலும், கேரளத்தில் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடப்பது. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு குவியலின் மாதிரியும் அவர்கள் கைக்கு வருகிறது. காயைக் கொட்டிப் பார்த்து, பருமனும் பச்சையும் திருப்தியாக இருந்தால்தான் விரல் பட்டனுக்குப் போகும். விலை கேட்கிற வேலையை மிஷினுக்குக் கொடுத்தார்கள். காயைப் பார்க்கிற வேலையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரை இப்படித்தான் வேலை வாங்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுப் பணத்துக்கு வருவோம். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன். அங்கே பில் எழுதுகிறவர் ஒருவர், அதைப் பார்த்து பாஸ் செய்கிறவர் வேறொருவர், கஜானாவில் பணம் கொடுப்பவர் மூன்றாமவர். நூறு ரூபாயானாலும் மூன்று கைகளைத் தாண்டித்தான் வெளியே போகும். சிவப்பு நாடா என்று ஜனங்கள் வைதார்கள். வைததில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஒரு கை தவறினால் இன்னொரு கை பிடித்துக்கொள்ளும். செக் விஷயமும் அப்படித்தான். இன்று கொடுத்தால் பணம் போக இரண்டு நாள் ஆகும். "ஐயோ, தப்பாகக் கொடுத்துவிட்டோமே" என்று ராத்திரி தோன்றினால், காலையில் வங்கிக்குப் போய் நிறுத்திவிடலாம்.

அந்த இடைவெளி படிப்படியாகக் குறைந்துவிட்டது. 2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இரவு பகல் 24 மணி நேரமும் நடக்கிறது. 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ்ஸும் அவ்வாறே. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகூடத் தொகுதி தொகுதியாகக் காத்திராமல், பகல் முழுவதும் தொடர்ந்து கிளியர் ஆகிறது. இவையெல்லாம் பெரிய சாதனைகள், சந்தேகமில்லை. ஆனால் பில் எழுதுகிறவர், பாஸ் செய்கிறவர், கஜானாக்காரர் ஆகிய மூன்று பேரும் இப்போது நம் ஒற்றை விரலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

விஞ்ஞானம் படித்தவர்களுக்கு உராய்வு என்றால் என்னவென்று தெரியும். சக்தியை வீணடிக்கும், சக்கரத்தைத் தேய்க்கும். அதனால்தான் எண்ணெய் போடுகிறோம். ஆனால் உராய்வே இல்லாவிட்டால் நம்மால் நடக்க முடியாது, வண்டியில் பிரேக் பிடிக்காது. பணத்தின் பாதையில் வங்கிகள் எண்ணெயை ஊற்றி வழவழப்பாக்கிவிட்டன. வண்டி ஓட்டுகிறவர் நாம். ஆகவே பிரேக்கை நாம்தான் பொருத்திக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் மூன்று பிரேக்குகள் போதும்.

முதலாவது, இரண்டு கணக்குகள். பென்ஷனும் டெபாசிட்டும் உள்ள பெரிய கணக்கை யுபிஐயோடு இணைக்காதீர்கள். வேறொரு வங்கியில் சின்னக் கணக்கு ஒன்று தொடங்கி, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, போனில் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோவிலுக்குப் போகும்போது பர்ஸில் நூறு இருநூறுதானே எடுத்துப் போகிறோம், பீரோவையே தூக்கிக்கொண்டா போகிறோம்? டெபிட் கார்டுக்கும் இதே நியாயம்தான். ஆன்லைன், வெளிநாட்டு உபயோகங்களை நாமே நிறுத்திவைக்கவும் வரம்பு போடவும் 2020 முதல் வசதி இருக்கிறது. வங்கிச் செயலியிலேயே செய்யலாம்.

இரண்டாவது, பெயரைப் பார்ப்பது. முன்பெல்லாம் நெஃப்டில் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பணம் யாருக்கோ போய்விடும். 2024 டிசம்பர் இறுதியில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அதன்படி நெஃப்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் பணம் அனுப்பும் முன், பெறுகிறவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. யுபிஐயில் இது முன்பே உண்டு. நாம் அவசரத்தில் அந்தப் பெயரைப் படிப்பதில்லை. இதுதான் நமக்கு வரும் ஏலக்காய் மாதிரி. கையில் எடுத்துப் பாருங்கள். வங்கியின் இணைய முகவரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு வங்கிகளின் முகவரிகளெல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்று 2025 அக்டோபர் 31 வரை கெடு விதித்திருந்தார்கள். கடைசி எழுத்துகள் வேறாக இருந்தால் ஒதுங்கிக்கொள்வது உத்தமம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பணத்தைப் பற்றி வெளியிலிருந்து வருகிற அழைப்பு எதுவானாலும், வைத்துவிட்டு நாமே திரும்பக் கூப்பிடுவது. வங்கி என்று சொன்னால் பாஸ்புத்தகத்தில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு. பிள்ளையின் குரல் என்றால் பிள்ளையின் பழைய எண்ணுக்கு. குரலைக்கூட இப்போது போலியாக உண்டாக்கிவிடுகிறார்கள். கடைக்காரர் தன் பெட்டியை மட்டும் நம்புகிற மாதிரி, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணை மட்டும் நாம் நம்ப வேண்டும். இன்னொன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பணம் வாங்கிக்கொள்வதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணை அடித்தால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒரு கொடுமையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து, "உங்கள் ஆதார் குற்றத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறது, யாரிடமும் பேசக் கூடாது, கேமரா முன்னாலேயே இருங்கள்" என்று மணிக்கணக்கில் மிரட்டி, டெபாசிட்டை உடைக்க வைக்கிறார்கள். படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்து ரிட்டயரானவர்கள், தனியாக இருப்பவர்கள்தான் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள். வீடியோ மூலம் கைது செய்வது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27-ந் தேதி வானொலி உரையில் பிரதமரே இதைச் சொல்லி, நில், யோசி, பிறகு செயல்படு என்று கேட்டுக்கொண்டார். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், அந்த நிமிஷமே அடுத்த வீட்டு மாமியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். மோசடியின் பலம் முழுவதும் நம்மைத் தனிமைப்படுத்துவதில்தான் இருக்கிறது.

மீறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கும், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். போன பணம் கணக்குக் கணக்காகத் தாவி மறைவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறியில், நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாமவரால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்றார்கள். நாமே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் நம்முடையது. ஆக, இரண்டு விதத்திலும் தாமதமே எதிரி. கொடுக்கும்போது நிதானம், புகார் செய்யும்போது வேகம்.

இவ்வளவு கேட்டபின், "எதுக்கு இந்த வம்பு, வங்கிக்கே நடந்து போயிடறேன்" என்று சிலருக்குத் தோன்றும். அதுவும் நஷ்டம்தான். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. 2021 நவம்பர் முதல் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆயுள் சான்றிதழ் கொடுக்க முடிகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். மிஷின் செய்த புண்ணியம் இது.

கடைசியாக ஒரு விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு மாமா கணக்கு வழக்கில் புலி. எல்லாம் ஆன்லைன். காகிதம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவர் காலமானபின் மாமிக்கு எந்த வங்கி, எத்தனை டெபாசிட், இன்ஷூரன்ஸ் உண்டா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. காரியங்களுக்கே கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. பணம் இருந்தது. வழிதான் தெரியவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் போதும். வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண், டெபாசிட் முடியும் தேதி, நாமினி யார் என்ற விவரங்கள். ரகசிய எண்களை எழுத வேண்டாம். 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர். வாரிசுரிமை தனி விஷயம், அதற்கு உயில் வேண்டும். பல வருஷங்களாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய டெபாசிட்டுகளைத் தேட 2023-ல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளம் திறந்திருக்கிறது. பெற்றோர் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவின் போனை வாங்கி நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையாலேயே செய்ய விடுங்கள். பத்து தடவை கேட்டால் பத்து தடவை சொல்லுங்கள். உங்களுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தபோது அவர்கள் எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. நம் கிளைகள் ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு இளைஞர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், வயதான உறுப்பினர்கள் பலர் பிறர் தயவின்றித் தங்கள் பணத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் இருப்பவர்கள் காபி நேரத்தில் தாராளமாக என்னிடம் கேட்கலாம்.