மாமூல் தடமும் கைப்பேசிப் படமும்
(வானொலி உரை)



இன்றைக்கு விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ பேசப்போவதில்லை. வயலுக்குப் போகிற தடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கும்போது அறுவடை இயந்திரம் உள்ளே வர வழியில்லாமல் நின்ற குடியானவருக்குத்தான் தடத்தின் அருமை தெரியும்.

எங்கள் வட்டாரத்தில், வாய்க்கால் பாசனப் பகுதியில் நடந்தது இது. வெளியூரிலிருந்து வந்த இயந்திரத்தின் டிரைவர் கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டே வந்தார். படம் ஒரு தென்னந்தோப்பு வழியாகப் பாதை காட்டியது. உள்ளே நுழைந்த வண்டி சொட்டுநீர்க் குழாய்களை நசுக்கிவிட்டது. தோப்புக்காரர் ஓடி வந்தார். "இது என் பட்டா பூமிங்க. உங்களை யாரு இதுல விட்டது?" என்றார். "போனுல வழி காட்டுதுங்களே" என்றார் டிரைவர்.

மறுவாரமே இரண்டு கல் நட்டுச் சங்கிலி போட்டுவிட்டார். அதனால் கஷ்டப்பட்டது டிரைவர் அல்ல. தோப்புக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் ஓர் அம்மாள். பல வருஷமாகத் தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அந்த வழியாகத்தான் எருவும் வைக்கோலும் கொண்டுபோனவர். இப்போது வரப்பு மேல் தலைச்சுமை.

படத்தில் அந்தப் பாதையைப் போட்டவர் எங்கள் ஊர்க் கல்லூரி மாணவர். நல்ல பிள்ளை. ஊர்த் தடங்களெல்லாம் படத்தில் ஏறட்டும் என்று அவரைத் தூண்டிவிட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்தப் பேச்சு.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஓர் உலக வரைபடம் இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. தங்கள் ஊரைத் தெரிந்த தொண்டர்கள் ரோடு, குளம், கோயில் என்று தாங்களே வரைந்து சேர்க்கிறார்கள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற கணக்கும் அதிலேயே இருக்கும். வழிகாட்டும் செயலிகள் பல அந்தப் படத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

இந்தப் படத்தில் ஒரு பாதைக்கு இரண்டு கேள்விகள் உண்டு. இது எப்படிப்பட்ட பாதை என்பது ஒன்று. தார் ரோடா, மண் வண்டித்தடமா, ஒற்றையடிப் பாதையா? நடந்து பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். யார் போகலாம் என்பது இரண்டாவது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பொதுத்தடத்திலும் டிராக்டர் சுவடு இருக்கும், சொந்தக் களத்துக்குப் போகிற தடத்திலும் இருக்கும். நம் மாணவர் முதல் கேள்விக்குச் சரியாக எழுதினார். இரண்டாவதுக்கு, ஆட்கள் போய்வருவதைப் பார்த்துவிட்டு 'யெஸ்' என்று போட்டுவிட்டார். 'யெஸ்' என்றால் எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு என்று பொருள். உடையவர் மனமுவந்து விடுகிறார், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்வார் என்பதற்கு 'பெர்மிசிவ்' என்று தனிச்சொல் இருக்கிறது. தனியாருக்கு மட்டும் என்றால் 'பிரைவேட்'. இந்த மூன்றையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சங்கிலியே சாட்சி.

நம் சட்டத்திலும் இதே வித்தியாசம் இருக்கிறது. 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டப்படி, அடுத்தவர் நிலத்தின் வழியாக 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமை என்ற முறையில் போய்வந்திருந்தால் பாத்தியம் கேட்கலாம். அரசு நிலமானால் 30 வருஷம். ஆனால் அனுமதி கேட்டுப் போனால் எத்தனை வருஷம் போனாலும் அது அனுமதிதான். அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனது நம் ஊர் மரியாதை. சட்டத்தின் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துச் சொத்தாக இருந்து, பாகம் பிரிந்தபோது வேறு வழியே இல்லாமல் போயிருந்தால், அவசியத்தை வைத்துக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மூலப் பத்திரத்தைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தட பாத்தியம்' என்று எழுதியிருந்தால்கூட அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது அந்தக் காட்டுக்காரருக்கு உள்ள உரிமை, ஊராருக்கு உள்ளதல்ல. படத்தில் அதற்கும் 'யெஸ்' போடக்கூடாது. 'பிரைவேட்' என்றே போட வேண்டும். அப்படிப் போட்டதால் பத்திரத்தில் உள்ள பாத்தியம் போய்விடாது. 'யெஸ்' போட்டதால் இல்லாத உரிமை வந்துவிடவும் செய்யாது. ஆனால் லாரிக்காரர் பத்திரத்தையா பார்க்கிறார்?

பொதுத்தடம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் புலப்படமும் இருக்கின்றன. அரசு இணையதளத்திலும் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். தடத்துக்குத் தனி உட்பிரிவு எண் இருந்து, அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் பொது. நம் பக்கத்து இட்டேரிகள் பல இப்படிப்பட்டவைதாம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி வளர்ந்து, நடுவில் ஒரு மாடுகூடப் போக முடியாமல் அடைந்து கிடக்கும். பார்த்தால் யாருக்கும் சொந்தமில்லாத புதர் மாதிரி இருக்கும். ஆனால் ஏட்டில் அது பாதை. பழைய புலப்படத்தில் அளவு லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. 20 லிங்க்ஸ் என்று கண்டிருந்தால் 13 அடிக்குமேல் அகலம். இன்றைக்கு ஆறடிதான் மிச்சம் என்றால் மீதி எங்கே போயிற்று என்று வேலியைப் பார்த்தால் தெரியும்.

படம் வரைகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதிலுள்ள கோட்டை அப்படியே நகலெடுக்காதீர்கள். உரிமம் இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கூகுள் படத்தைப் பார்த்து வரைவதும் கூடாது. தடத்தில் நடந்து அளவெடுங்கள். இரண்டு பக்கத்துக் காட்டுக்காரரிடமும் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அவர் பக்கத்து நியாயம்தான் படத்தில் ஏறும். தெரியாவிட்டால் இரண்டாவது கேள்விக்குப் பதிலே எழுதாமல் விட்டுவிடலாம். அதில் குற்றமில்லை.

அந்தத் தோப்புப் பாதையை மாணவர் திருத்திவிட்டார். சங்கிலி விழுந்த பிறகு அது 'பெர்மிசிவ்'கூட இல்லையே. 'பிரைவேட்' என்று போட்டு, சங்கிலி இருக்கும் இடத்தையும் குறித்திருக்கிறார். அதைத் தோப்புக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "இனி மிஷின் வராதுன்னு யாருங்க பொறுப்பு?" என்று கேட்டார். சங்கிலி கிடக்கட்டும், பூட்டுக்கு ஒரு சாவி மட்டும் அந்த அம்மாளிடம் கொடுங்கள் என்றோம். நாற்றங்காலுக்கு எரு ஏற்றுகிற நாளுக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.